கேஸ் உலையும் முனியப்பன் கயிறும்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். கூப்பிடாமல் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எந்தக் காரியமாக வந்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கோணும் புள்ள" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்டவளிடம் ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி, "இனிமே கரி வேண்டாம், உலையைக் கேஸுக்கு மாத்திக்கலாம்" என்றார். நான் ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் பட்டறை நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, மஞ்சள் காடுகளுக்கு நடுவே போகிற ரோட்டோரம் இருக்கிறது. கொடுவாள், வெட்டுக்கத்தி, கறிக்கடைக்குக் கத்தி எல்லாம் அடிக்கிறோம். இரும்பு சங்ககிரியிலிருந்து வரும். லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள்தான். என் வீட்டுக்காரர் பரம்பரையாக இந்தத் தொழிலில் இருந்தவர் இல்லை. காட்டுக் கிணறு வற்றிய பிறகு சங்ககிரியில் லாரிக்கு ஸ்பிரிங் கட்டுகிற பட்டறைக்கு வேலைக்குப் போனவர். அங்கே இரண்டு பழக்கம் கற்றுக்கொண்டார். ஒன்று இரும்பு அடிப்பது, இன்னொன்று பொழுது சாய்ந்தால் குடிப்பது. முதல் பழக்கத்தை வைத்து நாங்கள் சொந்தப் பட்டறை போட்டோம். இரண்டாவதை விட வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கடைசியில் முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கயிறு கட்ட வைத்தேன். எங்கள் பக்கம் குடியை விடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பூசாரி கையில் கயிறு கட்டி, இனித் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்ல வைப்பார். கயிறு கையில் இருக்கும்போது ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் முனியப்பன் சும்மா விடமாட்டார், குடலைப் பிரட்டி வெளியே கொண்டுவந்துவிடுவார். எனக்கு அதில் ஒரு துளிகூடச் சந்தேகம் கிடையாது. உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் முனியப்பன்தான். கயிறு நைந்தால் போய்ப் புதுக் கயிறு கட்டிக்கொண்டு வருவார். நாலு வருஷம் அப்படியே ஓடியது, நிம்மதியாக இருந்தோம்.

கேஸ் பேச்சு வந்ததற்குக் காரணம் பக்கத்துத் தறிக்குடோன். அவர்கள் வெள்ளை வேட்டி நெய்கிறவர்கள். எங்கள் புகைபோக்கியிலிருந்து பறக்கும் கரி அவர்கள் துணியில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலைந்து தடவை வந்து சண்டை போட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் கரியின் மேல் பெரிய காதல் ஒன்றும் இல்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஆனால் அந்தக் கரி உலையில் தீ என் கையில் இருந்தது. காற்று ஊதும் புளோயரைக் கூட்டுவது குறைப்பது, கரியைத் தள்ளுவது, இரும்பு பப்பாளிப்பழ நிறத்துக்கு வந்ததும் "எடுங்க" என்று சொல்வது எல்லாம் நான். நான் சொன்னால்தான் அவர் குறட்டால் இரும்பை வெளியே எடுப்பார். பதினெட்டு வருஷம் நாங்கள் அப்படி ஒரே உலையில் நின்றவர்கள். கேஸ் வந்தால் ஒரு திருகைத் திருப்பினால் போதுமாம். "அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீ வெளிய வேப்பமரத்தடியில உக்காந்து காத்தாடக் கத்திக்குப் புடி போடு சாமி. எத்தன நாளைக்குப் பொகையில வேகுவே?" என்றார்.

அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு ஏனோ, என்னை வெளியே அனுப்பத் திட்டம் போடுகிறார் என்று பட்டது.

உலை கோயமுத்தூரிலிருந்து வந்தது. ஒரு பழைய இரும்பு உருளை, உள்ளே வெள்ளைக் கம்பளி மாதிரி ஒன்றை ஒட்டி மேலே சாந்து பூசியிருந்தார்கள். கேஸுக்குப் பேர் புரொப்பேன் என்றார்கள். வீட்டு அடுப்பில் எரிகிற கேஸுக்குச் சொந்தம்தான், கோபம் கொஞ்சம் அதிகம் என்று கொண்டுவந்தவர் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் அதையும் நம்பவில்லை. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன், ரப்பர் குழாயை முகர்ந்து பார்த்தேன். சோப்புத் தண்ணீரைக் கரைத்துக் காலையும் மாலையும் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. கரியில் சூடேற எடுத்துக்கொள்கிற நேரத்தில் பாதிகூட இதற்குத் தேவைப்படவில்லை. புகை இல்லாததால் தறிக்குடோன்காரர்கள் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். புகையே இல்லையே, புகைபோக்கி எதற்கு என்று அந்தக் குழாயைக் கழற்றி விற்றுவிட்டு, கூரையில் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து மூடினோம். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கத்திகளுக்கு மரப்பிடி போட்டேன். அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார். கதவைச் சாத்துவது புதிதில்லை. வெயில் வெளிச்சம் பட்டால் இரும்பின் நிறம் சரியாகத் தெரியாது, அதனால் கரிக் காலத்திலும் பட்டறையை இருட்டாகத்தான் வைத்திருப்போம். ஆனால் அப்போது சாத்திய கதவுக்கு உள்ளே நானும் இருந்தேன்.

ஆடிக்காற்று ஆரம்பித்தது. எங்கள் சமவெளியில் ஆடிக்காற்று அடித்தால் துணிக்கொடியில் காயும் புடவை அடுத்த காட்டுக்குப் போய்விடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அது வழியாகக் காற்று உள்ளே பாய்ந்து கேஸ் தீயை இரண்டு தடவை அணைத்துவிட்டது. தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? பட்டறையோடு சேர்ந்து ஆளும் பறக்க வேண்டியதுதான். கோழித்தீவனச் சாக்குகளைச் சுருட்டி, ஏணி போட்டு ஏறி, நாலு பக்கமும் அந்த இடைவெளியை நானே அடைத்தேன். ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினேன்.

"ரொம்ப அடைக்காத புள்ள, வெக்கை தாங்காது" என்று கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வெக்கையில ஆரும் சாகமாட்டாங்க. கேஸ்ல செத்துருவீங்க" என்றேன்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசல்படியில் தடுமாறினார். தலை வலிக்கிறது என்றார். கண் சிவந்திருந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏதோ கேட்டேன், பதில் குழறிக்கொண்டு வந்தது. அந்தக் குழறலைப் பதினாலு வருஷம் கேட்டவள் நான்.

எதுவும் கேட்காமல் கவனிக்க ஆரம்பித்தேன். தினமும் மத்தியானம் அதே சிவந்த கண், அதே தடுமாற்றம். சாயங்காலம் குளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் படுத்தால் தெளிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, அன்றைக்கு மட்டும் ஆள் தங்கமாக இருப்பார். பார்த்தீர்களா, நான் பக்கத்தில் இருந்தால் குடிக்க முடியவில்லை என்று கணக்குப் போட்டேன். சாத்திய கதவு, என்னை வெளியே உட்கார வைத்தது, கேஸ் வாங்கியது எல்லாம் அந்தக் கணக்கில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு இடைஞ்சல், சாராய வாசம் வரவில்லை. வாசமே வராத சரக்குகூட இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அதோடு அந்த இடைஞ்சலும் தீர்ந்தது.

அவர் பக்கத்துக் காட்டுப் பம்ப் செட்டில் குளிக்கப் போன நேரத்தில் பட்டறையைச் சல்லடை போட்டுத் தேடினேன். கரி மூட்டை இருந்த மூலை, பதம் போடுகிற எண்ணெய் டின், பழைய சாமான் பெட்டி எதையும் விடவில்லை. பாட்டில் இல்லை. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

பிறகு ஒருநாள் பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தார். வேப்பமரத்தடியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கையில் முனியப்பன் கயிறு. அந்தக் கையாலேயே வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"ஏனுங்க மாமா, வாயை ஊதுங்க" என்று கிட்டே போய் நின்றேன்.

ஊதினார். ஒன்றும் தெரியவில்லை.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?"

"எதைப் புள்ள?"

"நான் தேடிப் பாக்கலீன்னு நெனச்சீங்களா? சாமி காட்டிக் குடுத்துருச்சு பாருங்க. கயித்தைக் கட்டிக்கிட்டு எப்படி மாமா மனசு வந்துச்சு?"

"சத்தியமா இல்ல சாமி. நான் தொடவே இல்ல."

"அப்புறம் ஏன் வாந்தி வருது?"

கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய குடிகாரனுக்கு ஒரு கஷ்டம் உண்டு, அவன் சொல்கிற 'சத்தியமா இல்ல'வை நாம் ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருப்போம். இதை நூற்றியோராவது என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை வாயை ஊதச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே வந்து நின்று ஊதினார். பேச்சு குறைந்துவிட்டது. "காலையில நான் டீ குடிச்சனா?" என்று என்னையே கேட்டார் ஒருநாள். நடிப்பு என்று நினைத்தேன்.

ஆடி முடிவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க அக்கா. உங்க ஊட்டுக்காரர் ஒயின்ஷாப் கம்பிக்கிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தாரு. எங்கண்ணால பாத்தனுங்க."

நான் அழவில்லை. உள்ளே எல்லாம் காய்ந்துபோன மாதிரி இருந்தது. இனி இந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருப்பதா, எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதா என்றே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். போவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிடித்துவிட்டால் கிளம்புவதற்கு மனசு சுலபமாக இருக்கும்.

மறுநாள் காலை அவர் பட்டறைக் கதவைத் திறந்தபோது ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

"இன்னைக்கு நான் இங்கதான் உக்காந்திருக்கப் போறேன். ஒரு நிமிஷம் நகர மாட்டேன்."

"உக்காரு புள்ள" என்றார். "கண்ணை எடுக்காமப் பாரு. எனக்கும் அதுதான் வேணும்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் புரியவில்லை. துணிச்சல்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கதவைச் சாத்தினார், உலையைப் பற்றவைத்தார். தீ இரைந்துகொண்டு எரிந்தது. அவர் பட்டையைச் சூடு பண்ணுவதும் அடிப்பதுமாக இருந்தார். நான் அவர் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சொம்பை அவர் எடுத்தபோது வாங்கி முகர்ந்துவிட்டுக் கொடுத்தேன். வெறும் தண்ணீர். ஒரு மணி நேரம் போயிருக்கும், எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தது. காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். வயிற்றைப் பிரட்டியது. அவர் தடுமாறிக்கொண்டே குறட்டைத் தப்பாகப் பிடிப்பதைப் பார்த்தேன். குடிக்கவே இல்லையே, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேனே, எப்போது குடித்தார் என்று யோசித்தேன். யோசனை பாதியிலேயே அறுந்து அறுந்து போனது. எழுந்து அவரிடம் போகலாம் என்று நினைத்தேன். முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத எனக்குக் குடிகாரியைப் போல நாக்கு குழறியது.

அந்த நேரத்தில் கதவு திறந்தது எங்கள் நல்ல காலம். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தீட்டக் கொடுத்த கத்திகளை வாங்க வந்திருந்தார். உள்ளே ஒரு கால் வைத்தவர் வெக்கையில் முகத்தைச் சுளித்தார். உலையைப் பார்த்தார், தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சிலிண்டர் திருகை மூடிவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். திரும்பப் போய் என் வீட்டுக்காரரையும் கூட்டி வந்தார்.

"ஏனப்பா, உனக்குக் கூறு இருக்குதா? கேஸை எரிய உட்டுப்போட்டு இப்படியா நாலு பக்கமும் அடைப்பே?" என்று கத்தினார். "எங்க பண்ணையில சின்னக் குஞ்சுக்குச் சூடு வெக்கறதுக்குக் கேஸ் அடுப்புத்தான் வெப்போம். கத்துக்குட்டி எவனாச்சும் காத்துக்குப் பயந்து படுதாவை முழுசா எறக்கி உட்டான்னா அவ்வளவுதான், காலையில குஞ்சு குமிஞ்சு செத்துக் கெடக்கும். மூச்சு முட்டுற கெட்ட காத்து அது. வாசமும் வராது, பொகையும் வராது. குஞ்சு மொதல்ல தள்ளாடும், அப்புறம் உழுந்துரும்."

குஞ்சு தள்ளாடும் என்று அவர் சொன்னபோது நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

பண்ணைக்காரர் நிமிர்ந்து கூரையோரம் பார்த்தார். "அந்தச் சாக்கை ஆரு அடைச்சது?"

வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"காத்து ஜாஸ்தியா இருந்துச்சுங்க. நாந்தானுங்க அடைச்சேன்."

பண்ணைக்காரர் அவரை இன்னும் கொஞ்சம் திட்டினார். திட்டிக்கொண்டே தன் காரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றி ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கெட்ட காற்று ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் சில நாள் போயிருந்தால் ஆள் உள்ளேயே கிடந்திருப்பார் என்றார். அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்து இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள். ஜன்னலில் வெயில் இருந்தது. நான் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இத்தனை நாள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. கேஸ் அவரைக் கொன்றுவிடும் என்று பயந்து ஏணியில் ஏறியவள் நான்.

"மாமா, சாக்கை அடைச்சது நானுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஏணியைப் புடிச்சது நானில்ல?" என்றார். மாஸ்க்கைக் கையால் விலக்கிக்கொண்டு, "என்னை ஒயின்ஷாப்புல பாத்ததா ஆராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்தூட்டுக்காரி சொன்னா."

"கேக்கத்தான் போனேன்."

"என்னத்தைக் கேக்க?"

"நான் அங்க வாரனான்னு."

எனக்குப் புரியவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"முனியப்பன் பொய் சொல்லுமா புள்ள? வாந்தி வந்துச்சே. நீயும் தெனமும் சொல்லிக்கிட்டே இருந்தே. மத்தியானம் என்ன செஞ்சேன், ஆருகிட்டப் பேசுனேன், ஒண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கறதில்ல. அப்ப நான் குடிச்சுப்போட்டுத்தான் மறந்து போறேனாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். கடைக்காரர்கிட்டப் போயி, என்னை இங்க பாத்திருக்கறீங்களான்னு கேட்டேன். அந்த மனுசன் மேலயும் கீழயும் பாத்தாரு. 'உங்களை நான் பாத்ததே இல்லீங்க, பேசாம ஊட்டுக்குப் போங்க'ன்னாரு. அப்பவும் எனக்குத் தைரியம் வரல. வேற கடைக்குப் போயிருப்பனோன்னு, ராசிபுரத்துக் கடையிலயும் ஒரு வார்த்தை கேக்கலாம்னு இருந்தேன்."

நர்ஸ் வந்து மாஸ்க்கை எடுக்கக்கூடாது என்று திட்டி மாட்டிவிட்டுப் போனார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை என்று அவருக்கே சொல்ல ஒருத்தர் தேவைப்பட்டிருக்கிறார். அதை அவருக்குச் சொன்னவர், முன்பின் தெரியாத ஒரு ஒயின்ஷாப்காரர்.